முருங்கை மரம் வரைந்த அட்டை

எனக்கு வரைய வராது. பள்ளிக்கூடத்தில் மாம்பழம் வரையச் சொன்னால், வரைந்து முடித்துக் கீழே 'மாம்பழம்' என்று எழுதினால்தான் டீச்சருக்கே விளங்கும். அப்படிப்பட்டவன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு கிராமத்தின் அறுபத்திரண்டு வீடுகளையும் அறுபத்திரண்டு அட்டைகளில் வரைந்து வைத்தேன். அதில் ரொம்ப மோசம் ஒரு முருங்கை மரம். அந்த வீட்டு அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது என்று வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பெங்களூர் பிரேசர் டவுன் வீட்டில், அலமாரி மேல்தட்டில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். ரப்பர் பேண்டுகள் இற்றுப்போய் அட்டைகளோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று டப்பாவைத் திறப்பேன். திறந்த கையோடு மூடி, புது வீட்டு அலமாரியில் ஏற்றிவிடுவேன்.

நான் அதே பெங்களூரின் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். அப்பா பெயிண்டர், அம்மா ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்துச் சந்தில் தக்கணி உருது. கிராமம் என்றால் எனக்கு சினிமாவில் பார்த்ததோடு சரி. நெல்லுக்கும் ராகிக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் கிராமப்புற அரசியலில் ஆராய்ச்சி செய்ய வந்தேன். மல்லேஸ்வரத்தில் குடியிருந்த என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம்தான் சொன்னார். என்னால் யாரிடமும் போய் உட்கார்ந்து பேச முடியுமாம், எங்கள் ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் பாதிப் பேருக்கு அது வராதாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து, பேசிப் பேசி யாரிடமிருந்தும் எதையும் வாங்கிவிடுவேன் என்று ஒரு திமிர் எனக்கு வந்தது. அந்தத் திமிரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கிராமம் கோலார் சாலையில், பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். பெயர் சொல்ல மாட்டேன். ஆய்விலும் சொல்லவில்லை. ஏரி வற்றிப் பல காலம் ஆகி, போர்வெல் தண்ணீரில் பிழைத்துக்கொண்டிருந்த ஊர். போர் போடப் பணம் இருந்தவர்கள் தக்காளியும் ரோஜாவும் வளர்த்தார்கள். இல்லாதவர்கள் விடியற்காலை வேனில் ஏறி பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஊரின் நிலத்தில் பெரும்பகுதி ஒரே சாதியிடம், அதிலும் ஒரு குடும்பத்திடம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் தலைவர் இரண்டு தடவை பஞ்சாயத்து அத்யக்ஷராக இருந்தவர். பதவி போய்ப் பல வருடம் ஆகியும் ஊரில் அவர் அத்யக்ஷர்தான்.

என் கேள்வி எளிமையானது. முன்பெல்லாம் நிலம் வைத்திருந்தவர் சொன்ன பக்கம் ஓட்டு விழுந்தது. இப்போது பாதி ஊர் நகரத்துக்கு வேலைக்குப் போகிறது. இன்னும் அவர் பேச்சை யார் கேட்கிறார்கள், யார் கேட்பதில்லை? பிடி தளர்ந்துவிட்டது என்பது என் ஊகம். அதை நிரூபித்தால் பட்டம்.

இதைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. வீட்டுக்கு ஒரு அட்டை செய்துகொண்டு, ஊரில் விவரம் தெரிந்த ஒருவரைத் தனியாக உட்காரவைத்து, அட்டைகளைக் குவியல் குவியலாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். அத்யக்ஷர் சொன்னபடி ஓட்டு போடுகிறவர்கள் முதல் குவியல். தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறவர்கள் இரண்டாவது. அவரை நேரடியாக எதிர்க்கிறவர்கள் மூன்றாவது. இப்படிப் பலரைப் பிரிக்கச் சொல்லி ஒப்பிட்டால் ஊரின் உண்மை நிலவரம் தெரியும். ஒருவர் பிரித்தது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. எல்லோருக்கும் ஒரே அட்டைகளைத்தான் கொடுக்க வேண்டும்.

நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது. அட்டைகளில் யார் பெயரும் இருக்கக்கூடாது, எண்தான் இருக்க வேண்டும். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு ஊர்க்காரர் எப்படிப் பிரிப்பார்? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம். நீலக் கதவு, டிராக்டர், இரண்டு ஆடு, வாசலில் தண்ணீர்த் தொட்டி, முருங்கை மரம். பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. படிக்கத் தெரியாதவர்களும் பிரிக்கலாம். படிவத்தில் 'பெயர் எதுவும் பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சத்தியமான வார்த்தை. குழுவில் பாராட்டினார்கள். அட்டை ஊரில் யார் கையில் சிக்கினாலும் எந்த வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் என்று குழுவில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. பெங்களூரில் உட்கார்ந்து பார்த்தால் அது வெறும் முருங்கை மரம்தானே.

முதலில் அத்யக்ஷர் வீட்டில்தான் அட்டைகளை விரித்தேன். அவரை விட்டுவிட்டு மற்றவர்களிடம் போனால் தப்பாகிவிடும். மூன்று குவியலுக்கும் என்ன அர்த்தம் என்று நிதானமாக விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே அறுபத்திரண்டு அட்டைகளையும் முதல் குவியலில் வைத்தார். காபி கொண்டுவந்த மருமகள் நின்று வேடிக்கை பார்த்தார். அவரை உள்ளே போகச் சொல்லியிருக்க வேண்டும். காபி நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

முருங்கை மர வீட்டு அக்கா காலனிப் பக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர் என்பதால் ஊரில் என்னோடு தமிழில் பேசிய ஒரே ஆள். எந்த ஏரியா என்று கேட்டார். நீலசந்திரா என்றதும், அங்கே தன் சித்தி மகள் இருக்கிறாள் என்று சொல்லி ஒரு தட்டு நிறைய வேர்க்கடலை வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யார் வீட்டில் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் மனஸ்தாபத்தோடு ஓட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மகளிர் சங்கத்தில் பதவி எதுவும் இல்லாமலே எல்லாப் பெண்களும் அவரைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள்.

அவர்களுக்கு இருந்தது இருபது குண்டே நிலம், அரை ஏக்கர். அதில் தக்காளி போட்டிருந்தார்கள். சொந்தமாகப் போர் கிடையாது. பக்கத்து வயல் அத்யக்ஷருடையது. அவருடைய போரிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு முறை இவர்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பி விடுவார்கள். அதற்குப் பதிலாக அக்காவும் கணவரும் அவருடைய ரோஜாத் தோட்டத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் போக வேண்டும். காகிதம் எதுவும் கிடையாது. அந்தத் தண்ணீர் நின்றால் அக்காவின் வயலும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. என் குறிப்பேட்டில் நானே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் சொன்னேன். நீங்கள் சொல்வதை நான் யாரிடமும் வெளியிட மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். அதோடு விட்டிருக்கலாம். என் கைச்சரக்காக ஒன்றைச் சேர்த்தேன்.

"நீங்களும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது அக்கா. வீட்ல அண்ணன்கிட்ட கூட. இங்க நாம பேசுறது வெளிய போச்சுன்னா என் படிப்பே கெட்டுடும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, என் மை டப்பாவில் கட்டைவிரலைத் தொட்டு, ரொம்ப ஜாக்கிரதையாக ரேகை வைத்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

அட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. அதுவரை மூன்று பேர் பிரித்திருந்தார்கள், ஒருவர்கூட மூன்றாவது குவியலைத் தொடவில்லை. அக்கா மளமளவென்று ஆறு அட்டைகளை அங்கே போட்டார், ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. என் ஊகம் கண்முன்னால் உண்மையாகிக்கொண்டிருந்தது. பிறகு முருங்கை மரம் வந்தது. அவர் அதை எடுத்து, யோசிக்காமல் முதல் குவியலில் வைத்தார்.

நான் எழுதவில்லை. பேனாவை நோட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, "நிஜமாவா அக்கா?" என்றேன்.

தண்ணீர் அத்யக்ஷருடைய போரிலிருந்துதானே வருகிறது என்றார். தண்ணீர் வேறு, ஓட்டு வேறு என்றேன் நான். பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது யார் பார்க்கிறார்கள்? அவர் சிரித்தார். அட்டையை இரண்டாவது குவியலுக்கு மாற்றினார். அப்போதும் நான் எழுதவில்லை. போன தேர்தலில் என்ன செய்தீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். முருங்கை மரத்தை எடுத்து மூன்றாவது குவியலில் வைத்தார். நான் உடனே எழுதிக்கொண்டேன்.

உண்மையைத்தானே கேட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். உண்மை எது என்பது எனக்கு இன்றும் தெரியாது. முதலில் வைத்தது உண்மையா, எனக்காக வைத்தது உண்மையா? எனக்குத் தெரிந்ததெல்லாம், அட்டை எனக்குப் பிடித்த இடத்துக்கு வரும்வரை கேட்டேன், வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன் என்பதுதான். முதல் குவியலில் இருந்த எந்த அட்டைக்கும் 'நிஜமாவா' என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வீடுகளைப் பற்றி மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. யோசித்து வைக்கிறேன், அடுத்த முறை வா என்றார். எனக்கு நாலரை மணி பஸ். மறுநாள் நிறுவனத்தில் என்னுடைய கருத்தரங்கு. அட்டைகளை மூன்று கட்டாகக் கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, கலைத்துவிடாதீர்கள் என்று சொல்லி அவர் வீட்டு டிவி மேல் வைத்துவிட்டு ஓடினேன். களத்தில் எதையும் விட்டுவிட்டு வராதே என்பது முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவது. இப்போது நானே அதைச் சொல்லித்தருகிறேன். மாணவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொள்கிறார்கள்.

பத்து நாள் கழித்துப் போனேன். அக்கா வீட்டில் இல்லை, வயலில் இருந்தார். ஈரம் ஏறிக் கறுத்திருக்க வேண்டிய மண் வெளுத்துக் கிடந்தது. செடிகள் கயிற்றில் கட்டியபடியே துவண்டு தொங்கின. காய்கள் புளியங்கொட்டை அளவில் நின்றுபோயிருந்தன. மூன்று முறை தண்ணீர் வரவில்லை. முதல் தடவை மோட்டார் ரிப்பேர் என்றார்களாம். இரண்டாவது தடவையும் ரிப்பேர். அத்யக்ஷருடைய ரோஜாவுக்கு மட்டும் அதே மோட்டாரில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பஞ்சாயத்துத் தேர்தல் வர இருந்தது, அந்த இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு அத்யக்ஷரின் மருமகள் நிற்கப் போகிறார். சங்கத்துப் பெண்களைத் தன் பக்கம் சேர்த்துவிடச் சொல்ல அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். அக்கா டீ போட உள்ளே போன நேரத்தில் டிவி மேல் இருந்த கட்டுகளை எடுத்துப் புரட்டியிருக்கிறார். படங்கள் தெரிந்தவை. மூன்று குவியலின் அர்த்தமும் தெரியும், அவர் மாமனாருக்கு நான் விளக்கியபோது காபித் தட்டோடு நின்றவர்தானே. டீயைக் குடித்துவிட்டு, எதுவும் பேசாமல் போயிருக்கிறார். மூன்றாவது கட்டில் இருந்த மற்ற ஆறு வீட்டில் இரண்டு வீட்டுக்குச் சொந்தப் போர் உண்டு. நான்கு வீட்டார் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை எதுவும் செய்ய முடியாது. கை வைக்க முடிந்தது முருங்கை மரத்தில்தான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து, ஒரு கவரில் சுற்றி வைத்திருந்த அட்டைகளை என்னிடம் கொடுத்தார். சந்தேகமாக இருந்த இரண்டு வீடுகளையும் பிரித்து வைத்திருந்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"நீ போய் அவர்கிட்ட சொல்லு தம்பி. முருங்கை மரத்தை நான் முதல்ல எங்க வெச்சேன், அப்புறம் அது எப்படி அங்க போச்சுன்னு. நான் சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும்."

நான் சொல்லக்கூடாது என்று அவர் சொன்னதை, தனக்குப் பயம் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். பார்க்கிறேன் அக்கா என்றேன். நீ ஊருக்குப் போய்விடுவாய், உன்னை அவர் என்ன செய்துவிடுவார் என்றார். அது சரிதான் என்று எனக்கும் தெரிந்தது.

போனேன். போகவில்லை என்று சொல்ல முடியாது. அத்யக்ஷர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் கன்னடத்தில் வாக்கியத்தைக் கட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அட்டையை அங்கே வைக்க வைத்தது நான்தான். அவ்வளவுதான், ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் இந்த ஊரில் இனி யாரும் எனக்குக் கதவு திறக்க மாட்டார்கள். இன்னும் ஐந்து மாதக் களப்பணி பாக்கி. அக்காவிடம் பெற்ற தரவு செல்லாது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். அவர் என்னைப் பார்த்ததும், உங்கள் சீட்டாட்டம் எப்படிப் போகிறது என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரோஜா என்ன விலை போகிறது என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம் வரும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அத்யக்ஷரிடம் பேசிவிட்டேன் என்று அக்காவிடம் பொய் சொல்லவில்லை. அதற்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். மறுபக்கத் தெரு வழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன்.

அந்த வாரமே மல்லேஸ்வரத்தில் பேராசிரியர் வீட்டில் இதைச் சொன்னேன். பாதிதான் சொன்னேன். எதிர்க் குவியலில் இருந்த குடும்பத்துக்குத் தண்ணீர் நின்றது என்று சொன்னேன். அட்டைகளை விட்டுவிட்டு வந்தது, கேட்டுக் கேட்டு நகர்த்தியது, இரண்டையும் விழுங்கிவிட்டேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நில அதிகாரம் தண்ணீர் அதிகாரமாக மாறுகிறது என்று பலர் சொல்கிறார்கள், கண்ணால் பார்த்தவர்கள் குறைவு, இதைத் தனி அத்தியாயமாக எழுது என்றார். அவர்மேல் பழி போட முடியாது. நான் கொடுத்ததை வைத்துத்தான் அவர் பேசினார். அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்றுகூடக் கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார் என்றேன்.

எழுதினேன். அருமையாக வந்தது. 'குடும்பம் நாற்பத்தொன்று' என்று அக்காவுக்கு எண் கொடுத்து, அரசியலில் மாறிப் போகிறவர்களைத் தண்ணீரால் எப்படித் தண்டிக்கிறார்கள் என்று இருபத்தெட்டுப் பக்கம். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த அத்தியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். தண்டனைக்கு ஆய்வாளரின் அட்டைகளே காரணம் என்று ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும். நூற்றுக்கும் மேல் அடிக்குறிப்பு போட்டவன் அந்த ஒன்றைப் போடவில்லை. நான் கண்டுபிடித்ததாகச் சொன்னதை நானே உண்டாக்கியிருந்தேன். அதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டம், அதற்குத்தான் வேலை.

அக்கா வீட்டில் அந்தத் தக்காளியோடு விவசாயம் முடிந்தது. தண்ணீர் இல்லாதவர்கள் அப்போது அந்தப் பக்கம் எல்லோரும் செய்ததைத்தான் செய்தார்கள். தைலமரக் கன்றை நட்டுவிட்டு நிலத்தைத் திரும்பிப் பார்க்காமல் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் அக்கா எனக்கு போன் செய்தார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தேன். அத்யக்ஷரிடம் சொன்னாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். நீலசந்திராவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார், அவ்வளவுதான். சித்தி மகள் எப்போதோ வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாளாம்.

அம்மாவிடம் சொன்னேன். இரண்டு சந்து தள்ளி ஷீட் போட்ட ஒரு வீட்டை அம்மா பிடித்துக் கொடுத்தார். அக்காவுக்கு அம்மாவின் கம்பெனியிலேயே ஹவுஸ்கீப்பிங் வேலையும் வாங்கிக் கொடுத்தார். கணவர் ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தச் சந்தில் எனக்கு நல்ல பெயர். டாக்டர் பட்டம் வாங்கியும் பழசை மறக்காத பையன் என்று. அக்காவே நாலு பேரிடம் சொல்லிவிட்டாராம். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை. அம்மா சொல்லும்போதெல்லாம் நான் எரிந்து விழுவேன். புகழ்ந்தால் வெட்கப்படுகிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

அம்மாவைப் பார்க்கப் போனாலும் அந்தச் சந்து வழியாகப் போக மாட்டேன். வழியில் அக்கா எதிரே வந்துவிட்டால் வேலை, உடம்பு என்று நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் ஒரு நாளும் அந்த அட்டையைப் பற்றிப் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று நம்ப எனக்கு ஆசை. சாப்பிட வா என்று பல தடவை கூப்பிட்டார், தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவே கையைப் பிடிக்காத குறையாக அனுப்பிவைத்தார்.

சின்ன வீடு. தரையில் பாய் விரித்து, எனக்கும் கணவருக்கும் தட்டு வைத்து, ராகிக் களியும் அவரைக் குழம்பும் போட்டார் அக்கா. கணவர் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர், நீலசந்திராவுக்கு வந்தபின் தமிழும் பழகிவிட்டது. ஊர்ப் பக்கம் போனீர்களா என்று பேச்சை ஆரம்பித்தது நான்தான், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல். போன மாதம் போனேன் என்றார். அத்யக்ஷர் இறந்துவிட்டார். போர் வற்றிவிட்டது. ரோஜாத் தோட்டத்தைப் பிளாட் போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள். தைலமரம் நிற்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவர் களியை உருட்டுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து, மனைவியைக் காட்டிப் பேசினார்.

"நல்லா இருந்த தோட்டம் சார். உங்க ஆராய்ச்சியில ஊரே அட்டை வெச்சது. இவ மட்டும் எங்க வீட்டுக் கார்டைத் தூக்கி எதிர்ப் பக்கம் வெச்சா. ஏன் வெச்சேன்னு கேட்டா இன்னைக்கு வரைக்கும் வாய் திறக்கல. அவ்ளோ கொழுப்பு."

புதிதாகச் சொல்வது போல இல்லை. தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு. அக்கா சட்டியிலிருந்து குழம்பை மொண்டுகொண்டிருந்தார். கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ சொல்லலாமா தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

"உன் படிப்புதான் முடிஞ்சிடுச்சு இல்ல. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, இவர்கிட்ட கூடன்னு சொன்னியே. ரேகை வெச்சேனே."

கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உண்மையாகவே அனுமதி கேட்டார். வரப்பில் உட்கார்ந்து, நான் சொல்லக்கூடாது, நீதான் சொல்லணும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பயம் இல்லை. நான் பெரிய ஆள் மாதிரி என் கைச்சரக்காகச் சேர்த்த ஒரு வரி. அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கவேயில்லை. வயல் போனபோதும், கணவர் திட்டியபோதும், ஊரை விட்டு வந்தபோதும், என் படிப்பு கெட்டுவிடக்கூடாது என்று அவர் அந்த வரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நான், அவரை இருபத்தெட்டுப் பக்கத்துக்கு எழுதி வேலை வாங்கியிருந்தேன்.

கை களியும் குழம்புமாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு, நீங்கள் சொல்ல வேண்டாம் அக்கா, நான் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். முதலில் அட்டை எங்கே இருந்தது, நான் எத்தனை தடவை கேட்டேன், எப்போது எழுதினேன், பஸ்ஸுக்காகக் கட்டுகளை டிவி மேல் வைத்துவிட்டு ஓடியது, அத்யக்ஷர் வாசலில் ரோஜா விலை கேட்டுச் சிரித்தது, எல்லாம். நடுவில் ஒரு தடவை 'அந்தச் சூழ்நிலையில்' என்று ஆரம்பித்தேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததுக்குப் போனேன்.

கணவர் கேட்டு முடித்தார். என்னை அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த வருஷம் பூரா இவகூட நான் பேசல சார்."

அக்கா கரண்டியை எடுத்து, அவர் தட்டில் குழம்பு ஊற்றினார். பிறகு என் தட்டிலும் ஊற்றினார்.